இருபத்தாறு மில்லிமீட்டர்

ஜூன் 8

அக்கா,

அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டால் "அவ குளிக்கிறா" என்கிறாள். வந்து பத்து நாள் ஆகிறது. இதுவரை ஏழு முறை குளித்திருக்கிறாய். உன் போன் அடித்து அடித்து ஓய்கிறது.

அதனால் கடிதம். நீ வேலை பார்க்கும் பேருந்து நிலைய விலாசத்துக்கே போடுகிறேன். குளியலறைக்குத் தபால்காரர் வர மாட்டார்.

விமான நிலையத்துக்கு நீ வரவில்லை. டியூட்டி என்றாய். அன்று உனக்கு ஓய்வு நாள். உன் அட்டவணை நம் வீட்டுக் கதவில்தான் ஒட்டியிருக்கிறது. என்ன கோபம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் உன் நீலக் குடையை எடுத்து வந்ததற்கா.

இருக்கட்டும். நான் நன்றாக இருக்கிறேன்.

அறை மூன்றாவது மாடியில். இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு கொடிக்கயிறு. கூட இருப்பவள் நர்சிங் மாணவி. காலையில் கட்டிலையே மேசையாக்கித் தன் சீருடையை இஸ்திரி போடுவாள். இஸ்திரிப் பெட்டியோடு பேசுவாள். என்னோடு இதுவரை பேசியது இரண்டு வாக்கியம். "ஈரத்துணிய என் பக்கம் போடாதீங்க." "ஜன்னல சாத்தாதீங்க."

கடல் தாண்டி வந்திருக்கிறேன், இங்கேயும் நம் பாஷைதான். ஆனாலும் வாய் திறந்ததும் "வெளியூரா?" என்று கேட்டுவிடுகிறார்கள். எந்தச் சொல்லில் பிடிபடுகிறேன் என்று தெரியவில்லை.

நான் பயிற்சி எடுக்கும் ஷூப் பட்டறை, ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் தனிக் கட்டடம். முன்னறையில் அளவெடுப்பு. பின்னறையில் வெட்டுவது, ஒட்டுவது, தைப்பது. பசை வாசனை, தோல் வாசனை, எங்கும் ரப்பர் தூள். ஒரு சுவர் முழுக்க அலமாரி. அதில் மரத்திலும் பிளாஸ்டரிலும் செய்த பாத அச்சுகள், குதிகாலில் எண் எழுதி. நானூறு பேர் வெறுங்காலோடு அங்கே நிற்கிறார்கள். முதல் நாள் உள்ளே போனபோது என்னை அறியாமல் செருப்பைக் கழற்றினேன்.

என் மேலாளருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். புருவத்தில் எப்போதும் தூள். எதைக் காட்டினாலும் "இன்னும் அரை மில்லி எடுக்கலாம்" என்பார். பட்டறையில் எல்லோரும் அவரை முதுகுக்குப் பின்னால் அரை மில்லி என்கிறார்கள். அவருக்கும் தெரியும். என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை: "படிச்சிட்டு வந்திருக்கீங்களா? பரவால்ல, சரி பண்ணிக்கலாம்."

இப்போது முக்கியமான விஷயம். ஆறு மாதப் பயிற்சி முடிவில் நானே ஒரு முழு ஜோடி ஷூ செய்து அறிக்கையோடு தர வேண்டும். யாருக்கு என்று விண்ணப்பத்திலேயே எழுதியாயிற்று. உனக்கு. ஒப்புதல் படிவம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போடு. இரண்டு பாதத்தையும் தாளில் வைத்து அம்மாவைப் பென்சிலால் சுற்றி வரையச் சொல். உன் எக்ஸ்ரேயின் நகல் என்னிடம் இருக்கிறது. இடது கால் இருபத்தாறு மில்லிமீட்டர் குறைவு. ஜூலை முடிவதற்குள் வந்துவிட்டால் போதும்.

நீ ஆடாமல் நடப்பதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

நண்டு


ஜூன் 20

நண்டு,

உன் கடிதத்தை நேரக் காப்பாளர் மேலே கொண்டுவந்து கொடுத்தார். "கல்யாணப் பத்திரிகையா?" என்றார். "இல்ல, ஆபரேஷன் பேப்பர்" என்றேன். அப்படியே இறங்கிப் போய்விட்டார்.

குடை இல்லை. குடையை நீயே வைத்துக்கொள்.

நீ கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு அம்மா சமையலறை அலமாரியைத் துடைத்துப் புதிதாகக் காகிதம் விரித்தாள். உன் மேசையில் வேண்டாதது என்று நீ கட்டி வைத்த கட்டிலிருந்து எடுத்தது. காலையில் சர்க்கரை டப்பாவைத் தூக்கினேன். அடியில் உன் விண்ணப்பத்தின் நகல். அதில் நான் இருந்தேன்.

"பிறவியிலேயே ஒரு கால் குட்டையான என் அக்காவின் மௌனமான வலியே என்னை இந்தத் துறைக்கு அழைத்து வந்தது."

நின்றுகொண்டே முழுப் பக்கமும் படித்தேன். டீ ஆறிப்போனது. குறைபாடு என்ற சொல் நான்கு இடத்தில். பென்சில் எடுத்து வட்டம் போட்டு எண்ணினேன்.

மௌனமான வலி. நண்டு, நான் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் மைக்கில் பேசுகிறேன். இந்த ஊரில் பாதிப் பேர் நான் சொல்லித்தான் வண்டி ஏறுகிறார்கள். இதில் எது மௌனம். வலி என்று எனக்கு ஒன்றும் கிடையாது. மழை நாளில் முழங்கால் கொஞ்சம் முனகும். உனக்குக் கடைவாய்ப் பல் முனகுகிற மாதிரி. உன் பல்லைப் பற்றி நான் எந்த நாட்டுக்கும் எழுதிப் போடவில்லை.

காலை வாருவது என்பதை நீ இவ்வளவு நேராக எடுத்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை.

என் கண்ணாடி அறை பயணிகளின் தலைக்கு மேலே இருக்கிறது. அங்கே இருக்கும்போது முதலில் என் குரல்தான் போகிறது. என்னைப் பார்க்க வருகிறவர்கள் அதற்கப்புறம்தான் வருகிறார்கள். கால் எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வரிசையைக் கொண்டுவர எனக்கு இருபது வருடம் ஆயிற்று. நீ ஒரே வாக்கியத்தில் காலை முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டாய். அதுவும் நான் பார்த்தே இராத ஆட்களிடம்.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை.

படிவத்தைத் திருப்பி வைத்திருக்கிறேன். கையெழுத்து இல்லை. பாதமும் இல்லை. ஆடாமல் நடந்து எங்கே போக வேண்டும். ஆடி நடந்து நான் எந்த பஸ்ஸையும் விட்டதில்லை.

போனில் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் கோபம் போய்விடும். அது இப்போதைக்கு இருக்கட்டும். எழுது.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. இது மட்டும் அக்காவாகச் சொல்வது. மேலே உள்ளது நானாகச் சொன்னது.

அக்கா


ஜூலை 2

அக்கா,

உன் கடிதத்தைப் பட்டறை வாசல் படியில் உட்கார்ந்து படித்தேன். காது சுட்டது. உள்ளே போய் ஒரு மணி நேரம் தோல் வெட்டினேன். இரண்டு துண்டு வீண்.

விண்ணப்பத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். இருநூறு பேர் போட்டோம், நான்கு பேரை எடுத்தார்கள். தோல் தைக்கப் பிடிக்கும் என்று மட்டும் எழுதினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள். என்னோடு தேர்வானவன் இறந்துபோன தன் மாமாவைப் பற்றி எழுதினானாம். மாமா நன்றாக இருக்கிறார். போன வாரம்தான் அவனோடு போனில் பேசினார்.

அது மட்டும் இல்லை. தெருவில் உன்னைத் திரும்பிப் பார்க்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். உன் பக்கத்தில் நடந்தவள் நான்தானே. அவர்களை முறைத்து முறைத்தே எனக்கு நெற்றியில் கோடு விழுந்திருக்கிறது. உன் காலில் எனக்கும் ஏதோ கொஞ்சம் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தப்பு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. வராததை எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

எனவே இந்த வாரம் நடந்தது.

முதல்முறையாக எனக்கென்று ஒரு வேலை வந்தது. இந்தத் தெரு முனையில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் அம்மா. ஐம்பது வயதுக்கு மேல். காலை ஐந்திலிருந்து கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே வேலை. சிறு வயதில் எலும்பு முறிந்து, வலது கால் இருபத்திரண்டு மில்லி குறைவு. இத்தனை நாள் ஷூவுக்குள்ளே அட்டையை மடித்து வைத்துக்கொண்டு சமாளித்திருக்கிறார்.

பட்டறையில் ஒரு பழக்கம் இருக்கிறது. மூன்று மில்லி கனத்தில் மெல்லிய பலகைகள் ஒரு பெட்டி நிறைய. வருகிறவரை வெறுங்காலோடு நிறுத்தி, குட்டையான காலுக்கு அடியில் ஒவ்வொன்றாகச் செருகுவார்கள். ஒவ்வொரு பலகைக்கும் "இப்ப?" என்று கேட்பார்கள். அவர் "போதும்" என்கிற இடத்தில் நிறுத்திவிடுவார்கள். எக்ஸ்ரே என்ன சொன்னாலும் சரி. அரை மில்லி இதை ஒரு பூஜை மாதிரி செய்வார். ஆளுக்கு முக்கால் மணி நேரம்.

அன்று அவர் விடுப்பு. என் கையில் எக்ஸ்ரே இருந்தது. நீளமான காலில் குட்டையான காலைக் கழித்தால் விடை. அதற்கு மேல் யாரைக் கேட்பது. இருபத்திரண்டையும் கொடுத்தேன். உள்ளே கார்க், வெளியே அடியில் ரப்பர். அந்த அம்மா போட்டுக்கொண்டு நின்றதும் இடுப்பின் குறுக்கே ரசமட்டத்தைப் பிடித்துப் பார்த்தேன். குமிழ் நட்டநடுவில் நின்றது. அக்கா, அவ்வளவு சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை.

மறுநாள் அரை மில்லி கேட்டார். "பலகையில நின்னாங்களா?"

"ம்" என்றேன்.

பொய்தான். ஆனால் குமிழ் நடுவில் நின்றது.

தண்ணீர் காய்ச்சித்தான் குடிக்கிறேன்.

நண்டு


ஜூலை 13

நண்டு,

உயிரோடு இருக்கும் மாமாவுக்கு என் அனுதாபத்தைத் தெரிவிக்கச் சொல்.

நேற்று ஒரு பெரியவர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து என் கண்ணாடியைத் தட்டினார். தினமும் என் அறிவிப்பைக் கேட்கிறாராம். ஆளைப் பார்க்க வேண்டும் என்று வந்திருக்கிறார். எழுந்து நின்றேன். மேலும் கீழும் பார்த்தார். "என்னம்மா, இவ்ளோதானா நீ? குரலு நல்ல ஒசரமா இருந்துச்சே" என்றார். நேரக் காப்பாளர் தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். எனக்குச் சிரித்து வயிறு வலித்தது. பெரியவர் தன் வண்டியையும் விட்டுவிட்டார். அடுத்த வண்டிக்கு அவருக்கென்று தனியாக ஒருமுறை கூப்பிட்டேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அதில் நீ இருக்கிறாய். எக்ஸ்ரே இருக்கிறது. குமிழ் இருக்கிறது. அந்த அம்மா எங்கே. போட்டுக்கொண்டு நின்றதும் என்ன சொன்னார். முகம் எப்படி இருந்தது. ஒரு வரி இல்லை.

உனக்கு ஒன்று சொல்கிறேன். யாருக்கும் சொன்னதில்லை.

எனக்குப் பதினோரு வயதில் டாக்டர் ஒரு ஷூ எழுதிக் கொடுத்தார். இருபத்தாறும் முழுசாக. போட்டு நிறுத்தினார்கள். அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அம்மா அழுதாள். நான் நேராகத்தான் நின்றேன். ஆனால் தரை எனக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. என் காலுக்குத் தெரிந்த தரை அது இல்லை. எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள், எப்படிச் சொல்வது.

ஐந்து நாள் போட்டேன். ஆறாம் நாள் பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்தேன். என் முன்பல் முனை உடைந்தது அப்போதுதான். விளையாடும்போது என்று வீட்டில் சொன்னேன். அடுத்த நாள் ஷூவைக் கழற்றிப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாயில் போட்டேன். ஒன்று உடனே மூழ்கியது. உயரமானது கொஞ்ச தூரம் மிதந்து போயிற்று. யாரோ திருடிவிட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

அம்மா இன்றைக்கும் அந்தத் திருடனைத் திட்டுகிறாள். உனக்கு அப்போது ஐந்து வயது. நீயும் கூடச் சேர்ந்து திட்டினாய். எங்கே கற்றுக்கொண்டாய் என்று தெரியாத ஒரு வார்த்தை சொல்லி அடியும் வாங்கினாய்.

என் காலில் உனக்கும் பங்கு உண்டு என்று நினைத்ததாக எழுதியிருந்தாய். முறைத்ததற்கு நன்றி. நான் முறைக்கச் சொல்லவில்லை.

ரொட்டிக்கடைக்குப் போய் அந்த அம்மாவைப் பார்.

அக்கா


ஜூலை 24

அக்கா,

நான் போய்ப் பார்ப்பதற்குள் அவரே வந்துவிட்டார். உன் கடிதம் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இன்னும் பிரிக்காமல் என் சட்டைப் பையில் இருந்தது.

ரொட்டி போடும் காகிதப் பையில் ஷூவை வைத்துக் கொண்டுவந்திருந்தார். மேசைமேல் வைத்தார். மாவு படிந்திருந்தது.

"இந்தாங்க. நல்லாத்தான் இருக்கு. பார்க்க."

"போட்டுக்கலையாம்மா?"

"போட்டேனே. மூணு நாள். இடுப்பு பிடிச்சுக்கிச்சு. நாலாம் நாள் ரொட்டித் தட்டோட விழுந்தேன். நாப்பது ரொட்டி. எம் பொண்ணு கேக்கறா, ஏம்மா பழைய அட்டையே தேவலையேன்னு."

அரை மில்லி ஷூவைக் கையில் எடுத்தார். அடியைப் பார்த்தார். கட்டைவிரலால் உயரத்தைத் தடவினார். அளவுகோலே தேவைப்படவில்லை.

"பலகையில எங்க போதும்னாங்க?"

அவர் என்னைத்தான் கேட்டார். அந்த அம்மாவும் என்னைத்தான் பார்த்தார். பின்னறையில் தையல் இயந்திரம் நின்றது.

"நிக்க வைக்கல சார்."

"அன்னைக்குக் கேட்டப்ப?"

"பொய் சொன்னேன்."

கத்தவில்லை. கத்தியிருக்கலாம். புருவத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு மாசத்துக்கு டீ நீங்கதான் போடணும். எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும். கழுவறதும் நீங்கதான்." பிறகு பலகைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். "கேளுங்க."

அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் மண்டியிட்டு முதல் பலகையைச் செருகினேன்.

"இப்ப?"

"ம்."

"இப்ப?"

கண்ணை மூடிக்கொண்டார். உடம்புக்குள் எதையோ தேடிப் பார்க்கிற மாதிரி. "ம், நல்லாருக்கு."

"இப்ப?"

"போதும்."

மூன்று பலகை. ஒன்பது மில்லி. நான் எண்ணை எழுதிவிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் கேட்டேன். "இன்னும் பதிமூணு பாக்கி இருக்கேம்மா?"

"அது என்னோடது. இருக்கட்டும்" என்றார்.

அக்கா, தப்பு. இப்போது எழுத வருகிறது.

உன் கால் எவ்வளவு குறைவு என்று எனக்கு மில்லி சுத்தமாகத் தெரியும். அதனால் உன்னையே தெரியும் என்று நினைத்துவிட்டேன். ஒரே அறையில் பதினெட்டு வருடம் தூங்கியிருக்கிறோம். ஒருநாள்கூட "எப்படி இருக்கு" என்று கேட்டதில்லை. விடை தெரியும் என்று இருந்துவிட்டேன். அந்த அம்மா போன பிறகு உன் கடிதத்தில் கால்வாயைப் பற்றிப் படித்துவிட்டு, பலகைகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டு, முகம் கழுவப் போனேன். கொஞ்ச நேரம் கழுவினேன்.

மறுநாள் பயிற்சி அலுவலகத்துக்குப் போய் என் விண்ணப்பத்தின் முதல் பத்தியை எடுத்துவிடச் சொன்னேன். குமாஸ்தா கோப்பைத் திறக்கவே இல்லை. "உள்ள போனது போனதுதாங்க. வேணும்னா மேல ஒரு தாள் சேக்கலாம்" என்றார். சேர்த்தேன். நகல் வைத்திருக்கிறேன், பார்.

"முதல் பத்தி என் அக்காவைக் கேட்காமல் எழுதப்பட்டது. அவருக்கு மௌனமான வலி எதுவும் இல்லை. அவர் பேருந்து நிலைய அறிவிப்பாளர்."

குமாஸ்தா படித்துவிட்டு முத்திரை குத்தினார்.

என் இறுதி வேலையை ரொட்டிக்கடை அம்மாவின் ஜோடிக்கே மாற்றிக்கொண்டேன். அவர் கையெழுத்துப் போடும் முன் ஒரு நிபந்தனை வைத்தார். தட்டோடு விழுந்ததை அறிக்கையில் சொல்ல வேண்டும், தான் சொன்ன மாதிரியே, நாற்பது ரொட்டி என்பது உட்பட.

உன் படிவத்தைக் கிழித்துப்போட்டேன். இனிக் கேட்க மாட்டேன்.

நண்டு


ஆகஸ்ட் 5

நண்டு,

பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு வண்டி வந்தது.

உன் குறிப்பை நேரக் காப்பாளருக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வாக்கியத்தை மறுபடி படிக்கச் சொன்னார். "இதுல சங்கதி என்ன? நீங்க அறிவிப்பாளர்தானே" என்றார். ஆமாம் என்றேன். அதுதான் சங்கதி.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் ஷூத் திருடனைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அம்மா அடுப்பை அணைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பாவம், இல்லாத ஆளப் பதினாறு வருஷமா திட்டியிருக்கேன்" என்றாள். பிறகு, "ரொம்ப வலிச்சுதாடி?" என்றாள். ஆமாம் என்றேன். மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். அன்று என் தட்டில் மட்டும் இரண்டு முட்டை இருந்தது.

கோபம் பாக்கி இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. ஆனால் முன்னைப்போல் பசி எடுக்காமல் செய்வதில்லை.

நீ பொய் சொன்னதை ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்தது. மாட்டிக்கொண்ட பிறகுதான் என்பதையும் கவனித்தேன்.

உன் கடிதம் எல்லாவற்றிலும் காலாகவே இருக்கிறது. நீ என்ன சாப்பிடுகிறாய், எதில் போகிறாய், யாரோடு சிரிக்கிறாய். இஸ்திரிப் பெட்டிக்காரி பேசினாளா இல்லையா. அதை எழுது.

அக்கா


ஆகஸ்ட் 17

அக்கா,

பேசினாள். நிறுத்த முடியவில்லை.

நான் டீ போட்டுப் போட்டுக் கை பழகி, அறையிலும் ஒருநாள் அவளுக்குச் சேர்த்துப் போட்டேன். ஒரு வாய் குடித்தாள். "நீங்க இவ்வளவு நல்லா டீ போடுவீங்கன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அன்றிலிருந்து என் சட்டையும் இஸ்திரிக்குப் போகிறது. ஈரத்துணி இன்னும் என் பக்கம்தான். சட்டம் சட்டம்தான் என்கிறாள்.

காலை ஆறரைக்கு எழுந்திருக்கிறேன். வாளி நிரம்புவதற்குள் பல் தேய்த்து முடிக்க வேண்டும், ஏழு மணிக்குத் தண்ணீர் நின்றுவிடும். இரண்டு நிறுத்தம் பஸ், பிறகு நடை. வழியில் ஒரு பூட்டு ரிப்பேர் கடை. கடைக்காரர் தினமும் தன் கடைப் பூட்டைத் திறக்க முடியாமல் திட்டிக்கொண்டு நிற்பார். நான் சிரிப்பேன். இப்போதெல்லாம் அவரும் சிரிக்கிறார்.

பட்டறையில் ஒன்பது பேருக்கு டீ. யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்பது தலைகீழ்ப் பாடம். ஒரு மாதம் முடிந்துபோனால் என்ன செய்வது என்று பட்டறை கவலைப்படுகிறது. அரை மில்லி, "தண்டனைய நீட்டிக்க ஏதாவது தப்பு பண்ணுங்களேன்" என்றார்.

மதியச் சாப்பாடு, டப்பாவில் கொண்டுவரும் நாலு பேரோடு. வட்டமாக உட்காருவோம். என் டப்பாவில் நான் சமைத்தது இருக்கும். யாரும் கை வைப்பதில்லை. நான் எல்லோர் டப்பாவிலும் கை வைக்கிறேன். மெலிந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லாதே. மெலியவில்லை.

ஞாயிறு துணி துவைப்பு. பிறகு ஏரிக்கரை. ஏரி என்று பெயர், தண்ணீர் பாதிதான். கற்பலகை இருக்கைகள் இருக்கின்றன. அதில் உட்கார்ந்து கொஞ்சம் படிப்பேன், மீதி நேரம் நடந்து போகிறவர்களின் கால்களைப் பார்ப்பேன். காலைப் பற்றி எழுதாதே என்றாய். ஒன்றே ஒன்று. யாருமே நேராக நடப்பதில்லை அக்கா. இரண்டு மாதமாகப் பார்க்கிறேன்.

ரொட்டிக்கடை அம்மா புது ஜோடியைப் போட்டுக்கொண்டு மூன்று வாரம் ஆகிறது. நான் கடை வாசலில் நின்று "இப்ப?" என்றேன். "போய் வேலையப் பாரு, கூட்டம் நிக்குது" என்றார். அதைவிட நல்ல பதில் இல்லை என்று அரை மில்லி சொல்கிறார். அதையும் அறிக்கையில் சேர்த்துவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. பிழை இருந்தால் திருத்து.

இங்கே பேருந்து நிலையத்தில் பதிவு செய்த குரல். எல்லா ஊரையும் ஒரே மாதிரி சொல்கிறது. வண்டி போன பிறகும் போன வண்டியை அழைக்கிறது. சில நாள் பஸ் வந்தும் ஏறாமல் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை. தெரியும்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

நண்டு


ஆகஸ்ட் 28

நண்டு,

அறிக்கை படித்தேன். பதினோரு பிழை. ஒன்பதாம் பக்கத்தில் "குறைபாடு" என்று எழுதி அடித்துவிட்டு "வித்தியாசம்" என்று எழுதியிருக்கிறாய். அடித்தது தெரிகிறது. தெரியட்டும், விடு. நாற்பது ரொட்டி நன்றாக வந்திருக்கிறது.

நான்கு வருடமாக நான் விடுப்பே எடுக்கவில்லை என்பதை நேரக் காப்பாளர் கண்டுபிடித்தார். எட்டு நாள் கொடுத்திருக்கிறார்கள். செப்டம்பர் பதினான்காம் தேதி காலையில் அங்கே வந்து இறங்குகிறேன். எனக்கு வெளிநாடு பார்க்க வேண்டும். உன்னைப் பார்க்க என்று எடுத்துக்கொள்ளாதே. எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்.

என் இடத்தில் எட்டு நாளும் நேரக் காப்பாளரே மைக்கில் பேசப் போகிறார். ஒத்திகை பார்த்தோம். எல்லா ஊரையும் அழப்போகிறவர் மாதிரி சொல்கிறார். மக்கள் பாவம்.

அம்மா ஏழு வகை டப்பா கட்டுகிறாள். உன் சமையல் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருக்கிறது.

முன்கூட்டியே சில விஷயம்.

எனக்காக மெதுவாக நடக்காதே. சின்ன வயதிலிருந்து நீ அப்படி நடக்கிறாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உன் வேகத்தில் நட. பின்தங்கினால் கூப்பிடுவேன், எனக்குக் குரல் இருக்கிறது.

பையை நீதான் தூக்க வேண்டும். காலுக்காக இல்லை. நான் மூத்தவள்.

இஸ்திரிப் பெட்டிக்காரியிடம் என் துணியும் ஈரமாகத்தான் இருக்கும் என்று சொல்லி வை.

ரொட்டிக்கடை அம்மாவை முதல் நாளே பார்க்க வேண்டும். நாங்கள் பேச நிறைய இருக்கிறது. நீ கூட நிற்க வேண்டாம். ஏரிக்குப் போ.

பட்டறைக்கு வருவேன். அந்த நானூறு பேரையும் பார்க்க ஆசையாக இருக்கிறது. அரை மில்லியையும். பலகையில் நிற்பேனா என்று எனக்குத் தெரியாது. அங்கே வந்த பிறகு தெரியலாம். எட்டாம் நாள் வரை தெரியாமலும் போகலாம். ஒருவேளை நிற்கத் தோன்றினால் நானே போய்ச் செருப்பைக் கழற்றுவேன். அப்போது நீ மண்டியிட்டால் போதும்.

அதுவரை அதைக் கேட்காதே. எதையாவது கேட்டே தீர வேண்டும் என்று வாய் துடித்தால், பசிக்கிறதா என்று கேள்.

அக்கா